பெத்ரோனிலாவை விட்டுப்போன வட்டம்

கோர்பாவாசியைத் தனி வட்டமாக்கியது யார் என்று கேட்டால், இன்று ஊரில் மேயர் எலூத்தேரியோவின் பெயரைத்தான் சொல்வார்கள். சுத்தப் பொய். ஆடு மேய்க்கும் பெத்ரோனிலா மாமானியின் கால் தேய்ந்து வந்த வட்டம் அது.

அதற்கு முன் ஊர், தாயாமார்கா வட்டத்தின் கடைக்கோடியில் கிடந்தது. பிறப்பைப் பதிவதோ ஊசி போடுவதோ, எதற்கும் மலை இறங்கித் தாயாமார்காவுக்குப் போக வேண்டும். பெத்ரோனிலாவின் முதல் பிள்ளை காய்ச்சலோடு அந்த வழியில்தான், அவள் முதுகில் கட்டிய துணிக்குள்ளேயே கண்ணை மூடியது. வீட்டுக்குப் பின்னால் புதைத்தாள். அன்று பிடித்தது பிடிவாதம். மாகாணத் தலைநகரில் வாசல் வாசலாக நின்றாள். லிமாவுக்குப் பஸ் ஏறி, நாடாளுமன்றத்துக்கு வெளியே நடைபாதையில் படுத்தாள். ஒருவழியாகச் சட்டம் வந்தது. கார்னிவல் திருவிழா முடிந்ததும் எல்லையை அளக்கப் பொறியாளர்கள் வருவார்கள் என்றார்கள்.

கார்னிவலுக்கு இரண்டு ஊரும் எல்லை நடப்பது வழக்கம். முகத்தில் மாவு பூசி, சோளக்கள் குடித்து, குழலும் மேளமுமாக எல்லைக் கற்குவியல் வரை போவார்கள். போனவர்கள் சும்மா திரும்புவதில்லை. குவியலை அடுத்த ஊர்ப் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட்டு வருவார்கள். முதல் நாள் தாயாமார்கா தள்ளும். மறுநாள் கோர்பாவாசி திருப்பித் தள்ளும். இதற்காக யாரும் சண்டை போட்டதில்லை.

அந்த வருடம் கோர்பாவாசி சதுக்கத்தைவிட்டு நகரவில்லை. தனி வட்டம் வந்த கொண்டாட்டம்!

"எலூத்தேரியோ, பொழுது சாயுது. ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வா, எல்லைக்குப் போவோம்" என்றாள் பெத்ரோனிலா.

"நீ ஒருத்திக்கா! இனிமே சர்க்காரே கோடு போடப் போவுது. கல்ல உருட்டி என்ன பண்ண? உக்காந்து குடி."

"அவனுங்க நேத்தே தள்ளிட்டுப் போயிட்டானுங்கடா. என் வீடு அந்த ஓரத்துலதான இருக்கு?"

"வானத்துலேர்ந்து அளப்பாங்களாம். வானத்துக்கு உன் வீடு தெரியாதாக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் தனியாகவே போனாள். குவியல் அவள் வீட்டைத் தாண்டி, ஊர்ப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கூட்டமே சேர்ந்து உருட்டிய பாறைகளை ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாள்? சின்னக் கற்களைத்தான் அசைக்க முடிந்தது.

பொறியாளர்கள் வந்தார்கள். எல்லை எது என்று கேட்டார்கள். கற்குவியல் என்று இரண்டு ஊரும் சொல்லின. கருவியை அதன்மேல் வைத்தார்கள். பெத்ரோனிலா கத்தினாள், கையெடுத்துக் கும்பிட்டாள். ஊர் மறுத்தால் மறுபடி அளப்போம் என்றார் பொறியாளர். எலூத்தேரியோ அவளைத் தனியே இழுத்துப் போனான்.

"மறுபடி அளந்தா மேயர் தேர்தல் தள்ளிப்போகும். ஒரு வீட்டுக்காக வட்டத்தையே நிறுத்தச் சொல்றியா?"

சொல்லிவிட்டு வந்து ஊர் சார்பாகக் கையெழுத்துப் போட்டான். அவள் வீடும், பின்னாலிருந்த பிள்ளையின் குழியும் தாயாமார்காவுக்குப் போயின.

புது வட்டத்தின் ஆண்டுவிழாவில் மேயர் எலூத்தேரியோ அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினான். "பக்கத்து வட்டத்துலேர்ந்து வந்திருக்குற நம்ம சிறப்பு விருந்தாளி!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் இறங்கி வந்தாள்.

அடுத்த கார்னிவலில் தாயாமார்காக்காரர்கள் மேளத்தோடு அவள் வாசலில் நின்றார்கள்.

"பெத்ரோனிலாக்கா, இப்ப நீ எங்க ஊருக்காரி. வா, எல்லை நடக்கலாம்."

கிண்டல்தான். அவள் வருவாள் என்று அவர்களே நினைக்கவில்லை. அவள் வந்தாள். முகத்தில் மாவு பூசினார்கள், அவள் துடைக்கவில்லை. இனிக் கல்லை எங்கே வைத்தாலும் சட்டத்தின் கோடு நகராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் குனிந்து ஒரு கல்லைத் தூக்கினாள். அவர்கள் நின்ற இடத்தில் வைக்கவில்லை.

"இங்க வேணாம்" என்றாள். "இன்னும் உள்ள தள்ளுங்க. அவனுங்க சதுக்கம் வரைக்கும் போகணும்."