ஆர்விட் டாலெஃப்சனின் மான் வண்டி

அடித்த மானை மலையிலிருந்து இறக்கும் கைவண்டிக்கு எங்கள் ஊரில் மான் வண்டி என்று பெயர். ஆர்விட் டாலெஃப்சன் அதில் ஒன்று வாங்க எடுத்துக்கொண்ட காலத்தில் வேறொருவன் பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, முதல் பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் ஆரம்பித்திருப்பான். ஏப்ரலில் வந்து வண்டிகளைப் பார்க்கத் தொடங்கினார். வாங்கியது அக்டோபரில். நடுவே என் கடைக்கு எத்தனை தடவை வந்தாரோ தெரியாது. வந்த ஒவ்வொரு தடவையும் என் காப்பியைக் குடித்தார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அப்போது மொன்டானாவில், எங்கள் பள்ளத்தாக்கில், ஆற்றுப் பாலத்தை ஒட்டி என் கடை இருந்தது. ஆணி, கயிறு, தோட்டா, தூண்டில், குதிரைக்குத் தடவும் தைலம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அக்டோபர் பிறந்துவிட்டால் கடைக்கென்று ஒரு வாசனை வரும்: துப்பாக்கி எண்ணெய், ஈரக் கம்பளி, அடுப்பில் எரியும் விறகு. இருபத்தேழு வருடம் அந்த வாசனையில் வாழ்ந்தேன். இப்போது அந்த இடத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகை அறைகள் கட்டியிருக்கிறார்கள். நல்ல அறைகள்தானாம். நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை, போகவும் மாட்டேன். ஆர்விட்டும் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் பனி விழும்போதெல்லாம் அந்த மனுஷன் நினைவு வந்துவிடுகிறது.

அவர் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். நான் சொல்கிற வருடம் அவருக்கு அறுபத்திரண்டு வயது. நெட்டையான ஆள். யாரிடமும் ஓர் உதவி கேட்கமாட்டார். தன் கையே தனக்கு உதவி என்று நாமெல்லாம் வாயால் சொல்வோம். அவர் அப்படியே வாழ்ந்தார். சாப்பாட்டு மேசையில் உப்பு எட்டத்தில் இருந்தால் எழுந்து சுற்றிப் போய் எடுத்துக்கொள்வார். ஒருமுறை பக்கத்து வீட்டில் ஏணி கேட்கக் கூச்சப்பட்டு, மரத்தில் ஏறித் தன் வீட்டுக் கூரைக்குத் தாவினார். அவர் மனைவி ஐனஸ் என்னிடம் சொன்னாள்:

"என்னைக் கட்டிக்கிறியான்னுகூட இந்த மனுஷன் கேக்கல வெல்டா. பதினாலாம் தேதி சர்ச் காலியா இருக்காம்னு சொன்னாரு. நானா புரிஞ்சுக்கிட்டேன்."

கேட்காமலே அவரோடு ஒட்டிக்கொண்டவன் ஐனஸின் தம்பி டெல்பர்ட் குயின். என்னோடு பள்ளியில் படித்தவன், மரம் அறுக்கும் மில்லில் வேலை. மச்சானும் மச்சினனுமாக இருபத்தாறு வருடம் ஒன்றாகவே எல்க் மான் வேட்டைக்குப் போனார்கள். எல்க் என்றால் குதிரை உயரம். எலும்பை நீக்கினாலும் இருநூறு பவுண்டு கறி தேறும், இரண்டு வீட்டுக்கும் பனிக்காலத்தைத் தள்ளிவிடலாம். மலைக்கு மேலே நாலு மைல் தள்ளி, பாறைச் சரிவைக் கடந்தால் கிண்ணம் மாதிரி ஒரு புல்வெளி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "சமையலறை". இடம் எது என்று ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் ஒருவன் தன் மூலவியாதியைக் கூட விலாவாரியாகச் சொல்வான். மான் எங்கே அடித்தாய் என்று கேட்டால் மட்டும் "மலையில" என்பான்.

அந்தச் சமையலறையில்தான் விரிசல் விழுந்தது. மில்லில் ஆட்குறைப்பு நடந்த வருடம், டெல்பர்ட் தன் மேஸ்திரியை அங்கே கூட்டிப்போனான். மேஸ்திரிக்குப் பெரிய கொம்பன் எல்க் கிடைத்தது, டெல்பர்ட்டுக்கு வேலை நிலைத்தது. மேஸ்திரி நேராக என் கடைக்கு வந்து, பாறைச் சரிவு, புல்வெளி என்று ஒன்று விடாமல் பீற்றிக்கொண்டான். ஆர்விட் ஆணிப் பெட்டிப் பக்கம் நின்றிருந்தார். கையில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் திரும்பப் போட்டுவிட்டு வெளியே போனார்.

அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. நாலு வருடம். நவம்பரில் குடும்பமே கூடிச் சாப்பிடும் நன்றி நாள் விருந்தில் ஐனஸ் ஒரே வான்கோழியைச் சுட்டு இரண்டு பந்தி வைத்தாள்: மத்தியானம் தம்பிக்கு, சாயங்காலம் புருஷனுக்கு. நான் ஒரு தடவை ஆர்விட்டிடம் நேராகவே கேட்டேன்.

"வேலை போயிடுமேன்னுதானே கூட்டிட்டுப் போனான்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே அந்த மேஸ்திரியைத் தோள்ல தூக்கிட்டுப் போயிருப்பேன். கேக்கலையே."

"நீங்க இதுவரைக்கும் யாரை என்ன கேட்டிருக்கீங்க?"

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அது ஒன்றுதான் அவர் மிச்சம் வைத்த காப்பி.

அந்த நாலு வருடமும் தனியாகவே போனார். இரண்டு வருடம் மான் கிடைத்தது. நாலு நடையாக முதுகில் சுமந்தே இறக்கினார். வலது முட்டி தேய்ந்துவிட்டது. இனி முதுகில் பாரம் ஏற்றினால் நடையே போய்விடும் என்றார் டாக்டர். அதனால்தான் வண்டி. நல்ல வண்டி அமைந்தால் எவன் தயவும் வேண்டாம். அமையாவிட்டால் சமையலறையை மறந்துவிட வேண்டியதுதான். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வண்டிச் சக்கரத்தை அவர் சுற்றிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

என்னிடம் மூன்று வகை இருந்தன. ஒன்று இரும்பு, காற்றடைத்த டயர், பாறைக்கும் அசராது. ஆனால் வெறும் வண்டியே ஆளை மூச்சிரைக்க வைக்கும். இன்னொன்று அலுமினியம், இரண்டு சைக்கிள் சக்கரம், மடித்து முதுகில் மாட்டிக்கொள்ளலாம், ஒரே ஆள் இழுக்கலாம். மூன்றாவது ஒற்றைச் சக்கரம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடிக்க வேண்டும்.

ஜூலையில் அலுமினிய வண்டியைக் கடைக்குப் பின்னால் இருந்த ஆற்றங்கரைச் சரிவில் சோதித்தோம். மானுக்குப் பதில் நாலு மூட்டை உப்பு. பத்தடி போனதும் பள்ளத்துப் பக்கச் சக்கரம் இறங்கியது, வண்டி குடை சாய்ந்தது, மூட்டைகள் உருண்டன, பின்னாலேயே ஆர்விட்டும்.

"செத்த மான் மறுபடியும் செத்துப்போச்சு," என்றேன்.

"சிரிக்காதம்மா. சரிவு ஜாஸ்தி."

"சமையலறைக்குப் போற வழி இதைவிடச் சமமா?"

அடுத்து ஒற்றைச் சக்கரத்தைத் தனியாகவே பிடித்துப் பார்த்தார். இடது பக்கம் விழுந்தது, நிமிர்த்தினார், வலது பக்கம் விழுந்தது. பார்க்கப் பொறுக்காமல் நான் போய்ப் பின்கைப்பிடியைப் பிடித்தேன். அவ்வளவு பாரத்தோடும் அந்த ஒற்றையடிப் பாதையில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. கரை முடிகிற இடத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"ரெண்டு பேர் வேணும்," என்றார்.

"ஊர்ல ஆளா இல்ல?"

"புது ஆளைக் கூட்டிட்டுப் போனா, அவன் செஞ்சதைத்தானே நானும் செஞ்சதாகும்?"

அந்த மேஸ்திரியைத் தள்ளிவிட்டால், வழி தெரிந்த இரண்டாவது ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் பெயரை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

அக்டோபரில் அலுமினிய வண்டியைத்தான் வாங்கினார். வாங்காதீர்கள் என்று ஒரு வாடிக்கையாளரிடம் நான் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். எனக்கு வந்த கோபத்தில் கயிறுகூடக் கட்டித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

அந்தக் காலத்தில் வேட்டைக் காலம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். மறுநாள் திங்கள் காலை நான் கடையைத் திறக்க வந்தபோது ஆர்விட் படியில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டை முழுக்கக் காய்ந்த ரத்தம், கையில் ஊன்றுகோலாக ஒரு கிளை. பக்கத்தில் அந்த வண்டி, ஒரு சக்கரம் நெளிந்து போய்.

"விழுந்துடுச்சு," என்றார்.

"வண்டியா, நீங்களா?"

"ரெண்டும்."

உள்ளே கூட்டிப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஞாயிறு விடிந்ததுமே கொம்பன் கிடைத்துவிட்டது. அறுத்து, துணிப்பைகளில் கட்டி, பாதியை வண்டியில் ஏற்றியிருக்கிறார். பாறைச் சரிவில், கடைக்குப் பின்னால் ஜூலையில் நடந்ததேதான் நடந்தது. உருண்டது மட்டும் நாற்பது அடி. முட்டி திருகிக்கொண்டது. அப்படியும் கறியை மரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்.

"மத்தியானம் வெயில் ஏறிடும். கரடித் தடம் வேற பார்த்தேன்," என்றார். கறியை மலையில் அழுகவிடுவது எங்கள் ஊரில் குற்றம். குற்றத்தைவிடப் பெரிய அவமானம். "அந்த ஒத்தச் சக்கரத்தை எடு."

"அதுக்கு ரெண்டு பேர் வேணும்."

"எனக்கு எண்ணத் தெரியும்மா."

எழுந்து நொண்டிக்கொண்டே கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசியிடம் போனார். காப்பி கொதித்து இறங்கும்வரை அதற்கு முன்னால் நின்றார். மில்லின் எண் எனக்கு மனப்பாடம். நானே சுழற்றிக் கொடுத்திருக்கலாம். கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் நான் சும்மா இருந்து செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

கடைசியில் சுழற்றினார். ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு வர நேரமாயிற்று. பிறகு,

"மாப்ள, நான்தான். சமையலறையில மான் தொங்குது. என் முட்டி போயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "நீ வர்றியா?"

ஒரு நிமிடம் காதில் வைத்திருந்துவிட்டு மெல்ல வைத்தார்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. வெச்சுட்டான்."

நாலு வருட வீம்பைக் கரைத்து அந்த மனுஷன் வாயைத் திறந்ததற்கு இதுவா பலன் என்று டெல்பர்ட்டை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆர்விட் நாற்காலிக்குத் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மில் பன்னிரண்டு மைல். கால் மணிக்குள் வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றது. டெல்பர்ட் தலை முழுக்க மரத்தூள். மில் இரைச்சலுக்குக் காதில் மாட்டும் அடைப்பான் இன்னும் கழுத்தில் தொங்கியது. முட்டியைப் பார்த்தான். நெளிந்த சக்கரத்தைப் பார்த்தான்.

"இதையா வாங்கினீங்க மச்சான்? இது புல்லுல குழந்தையை வெச்சுத் தள்ற வண்டி."

"வெல்டாவும் அதைத்தான் சொன்னா. நீ ஷிப்ட் நடுவுல எப்படி வந்தே? மேஸ்திரிகிட்ட கேட்டியா?"

"கேக்கல."

எந்த வேலைக்காக அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தானோ, அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"வேலை போயிடும்டா," என்றார் ஆர்விட்.

"போனா போகட்டும். நீங்க கேட்டுட்டீங்களே மச்சான்."

ஆர்விட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒற்றைச் சக்கர வண்டியின் முன்கைப்பிடியைப் பிடித்து, வாசலைப் பார்த்து நின்றார். டெல்பர்ட் பின்கைப்பிடியைப் பிடித்தான். பிடித்துவிட்டானா என்று இவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கினார். வெறும் வண்டியை வாசல்வரை கொண்டுபோக ஒரு ஆள் போதும். நான் அதைச் சொல்லவில்லை.