புறப்படாத விமானத்துக்கு ஒரு ஸ்தோத்திரம்

பொங்கல் கழிந்த புதன்கிழமை அது. நான் பட்ட பயம் எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

கனடாவில் வேலை பார்க்கும் என் கணவர், எங்கள் மகளை முதன்முதலாகப் பார்க்க வந்துகொண்டிருந்தார். ஞாயிறு ஆராதனையில் குழந்தையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டை. அதற்குள் வந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான். அவர் ஒரு சின்ன விமானத்தில் பெரிய நகரத்துக்குப் போய், அங்கே வேறு விமானம் மாற வேண்டும்.

எங்கள் திண்டுக்கல் சபையில் ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிக் கொடுப்போம். சகோதரிகள் உபவாசமிருந்து, எழுதியதை எழுதியபடியே சொல்லி ஜெபிப்பார்கள். நான் எழுதியது: "விமானம் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் புறப்பட வேண்டும்."

மாலை நாலு மணி. அங்கே விடியற்காலை. அந்த விமான நிலையத்தின் வானிலையை ஃபோனில் பார்த்தேன். மைனஸ் இரண்டு டிகிரி, காற்றில் ஈரம் நூறு சதவீதம், மூடுபனி. இயற்பியல் படித்தவள் நான். அந்த ஈரம் இறக்கையில் பட்டதும் பனிக்கட்டியாக உறையும். உறைந்தால் விமானம் சரியாக மேலெழும்பாது. எதைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்!

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஜெபக்குழுவை நடத்தும் ரோஸி அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் இரவுச் சமையலுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சீட்ட மாத்தணும். விமானம் கெளம்பக் கூடாது!"

"ஏம்மா, கெளம்பணும்னு காலைலருந்து பட்டினி கெடக்கோம். இப்ப வந்து சொல்ற!" முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார். "ஆண்டவரு சீட்டப் பாத்துத்தான் வேல செய்றாராக்கும்? செத்த நேரம் உக்காரு."

மண்டியிட்டோம். நான் ஜெபித்தது ஒரே வரி. 'அவரைக் காத்துக்கொள்ளும் கர்த்தாவே.' அவ்வளவுதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து என் கணவரே அழைத்தார். குரலில் எரிச்சல். "ரெக்கைக்கு ரெண்டு தடவ ஐஸ் கரைக்கிற மருந்து அடிச்சாங்க. அடிக்க அடிக்க ஐஸ் ஒட்டுது. எல்லாரையும் எறக்கி விட்டுட்டாங்க."

"ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன்.

"நான் இங்க குளிர்ல நடுங்குறேன், நீ ஸ்தோத்திரங்கிற!"

விமானி எப்படியும் நிறுத்தியிருப்பாரே என்று என் மனம் இன்றும் வாதாடும். வாதாடட்டும். அவருக்கு அந்த நிதானத்தைக் கொடுத்தவர் யார்?

வேறு டிக்கெட் கிடைத்து, என் கணவர் திங்கட்கிழமை வந்தார். அவர் தாடியைப் பார்த்து மகள் அழுதாள். பிறகு அவர் தோளிலேயே தூங்கிவிட்டாள். அடுத்த ஞாயிறு பிரதிஷ்டை நடந்தது.

இப்போதெல்லாம் என் சீட்டில் பெயர் மட்டுமே இருக்கும். நேரமும் வழியும் நான் குறிப்பதில்லை. நீங்களும் அப்படிக் கொடுத்துப் பாருங்கள், சகோதரிகளே. மிச்சம் ஆண்டவருக்குத் தெரியும்.