நாற்பத்திரண்டாவது இணைப்பு

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அவர் மீட்டர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வோல்ட் மீட்டர் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் வந்த பெயர். தபாலில்கூடச் சிலர் அப்படியே எழுதினார்கள். தபால்காரரும் யோசிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்.

தகரக் கூரை போட்ட கொட்டகையில் பாதி அவருக்கு, பாதி டிங்கருக்கு. நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்துவது டிங்கர் வேலை, எரியாத விளக்கை எரிய வைப்பது மீட்டர் வேலை. பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டு, பஸ் பணிமனையில் ஒயர் பிடிக்கப் போய், முப்பது வருஷத்தில் தொழிலை விரல் நுனிக்குக் கொண்டுவந்த மனிதர். நம்ம கை பட்ட வண்டி அதே கோளாறுக்குத் திரும்பி வராது என்பது அவர் அடிக்கடி விடும் ஜம்பம். ஜம்பம் என்றாலும் நிஜம்தான். ஒரு செவ்வாய்க்கிழமை வரை நிஜமாக இருந்தது.

அன்று பல் டாக்டரின் கார், கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. மூக்கின் ஒரு பக்கம் சப்பிப்போயிருந்தது. கூடவே டாக்டரின் மகள் வந்திருந்தாள்.

“அண்ணே, தகடு வேலை அவர் பார்க்கட்டும். நீங்க லைட்டை மட்டும் சரி பண்ணிக் கொடுத்துடுங்க. அடுத்த வாரம் வாங்கறவர் வர்றார்.”

“விக்கப் போறீங்களாம்மா? டாக்டருக்கு இது உசிராச்சே.”

“உசிரு முக்கியம்னுதான் விக்கறோம்.” அவள் கைப்பையின் பட்டையை முறுக்கினாள். “அஞ்சு வாரம் ஆச்சு. சாயங்காலம் இருட்டற நேரம், அம்மாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, லைட்டே போடாம வந்திருக்கார். வளைவுல நேரா மதில் சுவத்துல விட்டுட்டார். அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு போயிடுச்சு.”

“லைட் போடாமலா?”

“சுவிட்ச் அணைச்சே இருந்துச்சுண்ணே. மறுநாள் காலையில நானே போட்டுப் பார்த்தேன், உடையாத விளக்கு பளிச்சுன்னு எரிஞ்சுது. கேட்டா, போட்ட மாதிரிதான் இருக்குங்கறார். மாதிரின்னா என்ன அர்த்தம்? ஞாபகம் போயிட்டிருக்கு.”

அவள் போனதும் மீட்டர் பானெட்டைத் தூக்கினார். இரண்டு மாதத்துக்கு முன் இந்தக் காரோடு மூன்று நாள் மல்லுக்கட்டியவர் அவர். நாற்பது வருஷப் பழைய வண்டி. ஒயரும் ஒயரும் சேருகிற இடமெல்லாம் பச்சைக் களிம்பு. ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, வினிகரில் ஊறப்போட்டு, சோடா மாவுத் தண்ணீரில் அலசி, வெந்நீரில் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய பிரஷ்ஷைக் குழலுக்குள் விட்டுக் குடைந்து, பொன் மாதிரி மின்னிய பிறகுதான் துளி கிரீஸ் தடவி மாட்டினார். முடித்ததின் மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். வீட்டுக்காரி கேட்டால், “உன் நகத்துக்கு எதுக்கு? எல்லாம் என் ஒயருக்கு வேணும்” என்பார். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது, மறுபடி திறந்து பார்க்க வேண்டியதில்லை.

மொத்தம் நாற்பத்திரண்டு இணைப்பு. நாற்பத்தொன்றை அப்படித்தான் செய்தார்.

கடைசி ஒன்று மட்கார்டுக்குள் ஒளிந்திருந்தது. முழங்கை வரை கையை விட்டால்தான் விரல் எட்டும். இரண்டு ஹெட்லைட்டுக்கும் கரண்ட் கொண்டு போகும் தாய் ஒயர் அங்கேதான் சேருகிறது. ரப்பர் உறை ஒட்டிப்போய் வரமாட்டேன் என்றது. களிம்பு நீக்கும் மருந்தைப் பீய்ச்சி, இப்படியும் அப்படியும் இரண்டு திருகு திருகி, வோல்ட் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட். பொட்டை வைத்துவிட்டுக் கையை உருவிக்கொண்டார். காரணம் கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இடுப்பு வலித்தது. மூன்றாம் நாள். டீ வந்திருந்தது.

விளக்கை எரியவிட்டு, ஒயரில் கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? சும்மா இருக்கும் ஒயர் எப்போதும் நல்ல பிள்ளை மாதிரி பன்னிரண்டு காட்டும்.

இப்போது அதே இடத்தில் கையை விட்டார். பலத்தைக் கூட்டி இழுத்ததில் உறை வந்தது. மேலே சிவப்புப் பொட்டு. உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பொடி கொட்டியது. ரப்பர் ஒரு பக்கம் உருகிக் கருகியிருந்தது.

நடந்தது என்ன என்று மீட்டருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விளக்கு எரிய எரிய அந்த இடம் சூடேறியிருக்கிறது. சூட்டில் தொடர்பு அறுந்து, வளைவில் இரண்டு கண்ணும் ஒன்றாகக் குருடாகியிருக்கிறது. இரவெல்லாம் ஆறி, காலையில் மகள் சுவிட்சைத் தட்டியதும் ஒன்றும் தெரியாதது போல எரிந்திருக்கிறது.

“என்ன மாப்ளே, பாம்பைப் பார்த்த மாதிரி நிக்கிறே?” என்றார் டிங்கர், சுத்தியலோடு.

“ஒண்ணுமில்லை. களிம்பு.”

“டாக்டர் மூளையிலயும் அதான் ஏறிடுச்சு போல. ஊருக்கே பல்லு பிடுங்கின மனுஷன், இருட்டுல லைட்டுப் போட மறந்துட்டாராம். வயசானா யாரை விட்டுது?”

“ஆமா” என்றார் மீட்டர்.

சொன்ன பிறகுதான் அந்த ஆமாவின் கனம் தெரிந்தது. ஆனாலும் திருப்பி வாங்கவில்லை. உட்கார்ந்து அந்த இணைப்பைச் சுத்தம் செய்தார். கருகிய ஒயரை வெட்டி எறிந்து, புது முனை பற்றவைத்து, தேய் தேய் என்று தேய்த்தார். ஆயுசில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலையை அவர் செய்ததில்லை. முடிந்தபோது, தான் செய்த தப்புக்கு இருந்த ஒரே சாட்சியையும் தானே கழுவி ஊற்றிவிட்டது உறைத்தது.

புதன் போனது, வியாழன் போனது. சாப்பாட்டில் கையை வைத்தால் விரலில் களிம்பு வாசனை அடிப்பது போலிருந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரி மார்க்கெட்டிலிருந்து வந்து பையை இறக்கினாள். “ஏங்க, அந்தப் பல் டாக்டர் வீட்டம்மாவைப் பார்த்தேன். பாவம், கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கு. அதைவிட அவர் கதைதான் கஷ்டமா இருக்கு. காஸ் மூடினேனா, கதவு பூட்டினேனான்னு சீட்டு எழுதி ஒட்டிக்கிட்டிருக்காராம். பேத்தியைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரமாட்டேன்னுட்டாராம். நடுரோட்டுல அவளையும் மறந்துட்டா என்ன பண்றதுன்னு கேக்கறாராம்.”

மீட்டர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

“எங்க போறீங்க, பேசிக்கிட்டே இருக்கேன்?”

தான் செய்த தப்பை இன்னொரு மனிதர் தன்னுடையது என்று நம்பித் தினம் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். இடுப்பு வலி என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

திங்கட்கிழமை மத்தியானம் டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். டாக்டர்தான் திறந்தார். திறந்த கையோடு தாழ்ப்பாளை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூடத்தில் டாக்டரின் மனைவி சாய்வு நாற்காலியில், கை துணித்தூளியில். மகள் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“வா மீட்டர், உட்காரு. வண்டி ரெடியா?” என்றபடி டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உட்காரலை டாக்டர். நின்னுக்கிட்டே சொல்லிடறேன்.”

சொன்னார். ஒட்டிக்கொண்ட உறை, இரண்டு திருகு, வைத்த பொட்டு, போன செவ்வாய் கொட்டிய பொடி. கோர்வையாக வரவில்லை, நடுவில் டீ வந்ததைக்கூட இரண்டு தடவை சொன்னார்.

மகள்தான் முதலில் பேசினாள், மிகவும் மென்மையாக.

“அண்ணே, உங்களுக்கு நல்ல மனசு. அப்பா கஷ்டப்படக் கூடாதுன்னு இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க.”

மீட்டருக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. “நல்ல மனசு இருந்தா செவ்வாய்க்கிழமையே வந்திருப்பேன்மா. ஆறு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தவன் நான்.”

“அந்தப் பொடி, கருகின உறை எல்லாம் எங்கே?” என்றாள் மகள்.

“இல்லை. சுத்தம் பண்ணிட்டேன்.”

டாக்டர் அவரையே பார்த்தார். “எனக்காகச் சொல்றியாய்யா? நிஜத்தைச் சொல்லு. சுவிட்ச் அணைஞ்சுதானே இருந்துச்சு?”

“இருக்கும் டாக்டர். ஓடற வண்டியில லைட்டு பட்டுனு போனா யாரா இருந்தாலும் சுவிட்சைத்தான் தட்டுவாங்க. போட்டு, அணைச்சு, போட்டு. அதுக்குள்ள சுவர் வந்துட்டா, கை எங்க நிக்குதோ அங்கதான் சுவிட்சும் நிக்கும்.”

டாக்டரின் வலது கை முழங்காலிலிருந்து தானாக எழுந்தது. காற்றில் எதையோ தேடி, கட்டைவிரலால் கீழும் மேலும் தட்டியது. அவரே அந்தக் கையைப் பார்த்தார்.

“டக் டக்னு கேட்டுச்சு” என்றாள் அதுவரை பேசாமல் இருந்த மனைவி. “கண் அசந்திருந்தேன். அந்தச் சத்தத்துலதான் முழிச்சேன். முழிச்சா ஒரே இருட்டு. என்னவோ தகரம் ஆடுதுன்னு நினைச்சேன்.”

“ஏன்மா இத்தனை நாள் சொல்லலை?” என்றாள் மகள்.

“யார் கேட்டீங்க?”

மகள் மடித்த துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். “போட்டேன்” என்றார். யாரும் மறுக்கவில்லை. “தெருமுனை தாண்டும்போதே போட்டேன்.” குரல் கடுமையானது. மீட்டருக்கு நேரே வந்து நின்றார். “சரி, என் மூளையைத் திருப்பிக் கொடுத்துட்டே. இவ தோளுக்கு என்னய்யா பதில் வெச்சிருக்கே?”

மீட்டர், போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

டாக்டரின் மனைவி நாற்காலியில் அசைந்து முகத்தைச் சுளித்தாள். “வலிக்குது. கைக்குக் கீழ இருக்கற தலையணையை யாராவது கொஞ்சம் மேல ஏத்தி வைங்களேன்.”

பக்கத்தில் நின்றது மீட்டர்தான். குனிந்து, ஒரு கையால் அவள் முழங்கையை மெதுவாகத் தாங்கி, மறு கையால் தலையணையை மேலே நகர்த்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டது கைக்குத் தெரிந்தது.

“இன்னும் கொஞ்சம்” என்றாள்.

இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.