கதிரில்லாத புல்லோடு ராஜபாளையம் போனேன்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். அறுபத்தெட்டு வயதில், போன ஆடியில்தான் மாலை வகுப்பில் எழுதப் பழகினேன். ஒரு வரி முடிய ஒரு பீடி நேரம் ஆகிறது. ஆனாலும் எழுதும்போது மனசு குளிர்கிறது.

மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரச் சரிவில் தூர் தூராக ஒரு புல் முளைக்கும். கூரைப்புல் என்போம். எங்கள் தெருவுக்கே அதுதான் கூரை. அந்தச் சரிவில் தைலமரம் நடப் போவதாகப் பஞ்சாயத்தில் சொன்னதும், புல் அழிந்துபோகுமே, தடுக்க வழி உண்டா என்று கேட்கப் பஞ்சாயத்து கிளார்க்கிடம் போனேன்.

"இது இன்ன புல்லு, இன்னதுக்கு ஆகும்னு காலேஜுல எழுதி வாங்கிட்டு வாரும். மேல அனுப்பிப் பாக்கேன்" என்றார்.

தை மாதம், புதன்கிழமை, காலை ஏழு மணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ராஜபாளையம் பஸ்ஸின் பலகையை நானே வாசித்து ஏறினேன்! ஒன்றரை ரூபாய் டிக்கெட். மடியில் ஈரச்சாக்கில் வேரோடு ஒரு தூர்.

"பெரியவரே, புல்லு இருக்கு, மாடு எங்க?" என்றார் கண்டக்டர்.

"காலேஜுல படிக்கி" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை தூரைப் புரட்டிப் பார்த்தார். "ஐயா, கதிர் எங்க?"

"கழிச்சிட்டேம்மா. பெரிய எடத்துக்குக் கொண்டு வாரோம், சுத்தமா இருக்கட்டும்னுதான்."

கதிரோடு வேய்ந்தால் கூரையில் எலி ஏறும். அறுத்தவுடன் கழித்துவிடுவது எங்கள் பழக்கம்.

"புல்லுல இலையெல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். கதிரைப் பிரிச்சுப் பாத்தாத்தான் இனம் சொல்லலாம். இப்போ குடும்பம் மட்டும் எழுதித் தாரேன். ஒரு கதிர் கொண்டாங்க, மீதியும் எழுதிரலாம்."

மதியமே திரும்பிச் சரிவில் ஏறினேன். அறுப்பு முடிந்திருந்தது. கழித்த கதிரைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். தைலமரக்காரர்கள் வருமுன் அறுத்துவிடுங்கள் என்று தெருவை விரட்டியவனே நான்தான். இனிக் கதிர் வர அடுத்த கார்த்திகை ஆகும்.

ஆசிரியை எழுதித் தந்ததைக் கிளார்க்கிடம் நானே வாசித்துக் காட்டினேன்: "புல் குடும்பம்."

"புல்லுன்னு எனக்கே தெரியுமே. இதுக்கா பஸ் ஏறினீரு?"

செடிக்குப் பெயர் கேட்கப் போகிறவர்கள் பூவோடு, கதிரோடு, அழுக்கோடு கொண்டு போங்கள். காலையிலேயே போய்விடுங்கள்; மதியத்துக்கு மேல் ஆசிரியர்கள் வகுப்புக்குப் போய்விடுகிறார்கள்.

திங்கட்கிழமை சரிவில் தைலமரத்துக்குக் குழி வெட்டுகிறார்கள். கூலிக்கு எங்கள் தெருவிலேயே ஆள் எடுத்திருக்கிறார்கள். என் மகனும் பெயர் கொடுத்திருக்கிறான். அவனுக்குச் சோறு கொண்டு போகிற சாக்கில் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் எழுதுகிறேன்.