வரப்பைத் தாண்டிய அம்மா: உத்திரமேரூர் பக்கம் ஒரு ஞாயிறு

போன வருடம் கழனி வரப்பில் வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது; பயம் போகவில்லை. அறுபத்தெட்டு வயதில் தனியாக இருக்க வேண்டாம், தாம்பரத்துக்கு என்னோடு வந்துவிடு என்றேன்.

"தை வரிக்கும் டைம் குடு. அதே வரப்புல நடந்து காட்றேன். முடியலன்னா பொட்டி கட்டறேன்" என்றாள்.

தை வந்தது. ஒரு காலிப் பெட்டியோடு கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 4.40 மின்சார ரயில். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து உத்திரமேரூருக்கு பஸ்ஸில் 28 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். எங்கள் ஊர் இன்னும் ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை, ஆனால் அடுத்தது 7.40க்குத்தான். ஆட்டோவுக்கு 150 கொடுத்தேன்.

பெட்டியைத் தூக்கிப் பார்த்த டிரைவர் சிரித்தார். "காலிப் பொட்டிய தூக்கிக்கினு எங்கம்மா போற?"

அம்மா போய்வரும் தாய் சி வகுப்புக்கு என்றேன். மெதுவாக அசைந்து செய்யும் சீன உடற்பயிற்சி அது.

"காத்துல மாவு பெசையறாங்களே, அங்கியா? எங்கம்மாவும் அதுல கீது. இப்பல்லாம் என்னியவே வெரட்டுது."

ஏழு மணிக்கு நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில் பதினொரு பெண்கள் நின்றிருந்தார்கள். அம்மா உட்பட எல்லோரும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். சொல்லித்தருபவர் ஓய்வுபெற்ற நர்ஸ் ஸ்டெல்லா அக்கா. முட்டியை லேசாக மடக்கி, உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெதுவாக மாற்றுவதுதான் பயிற்சியின் உயிர். ஆறு மாதமாகத் தாம்பரம் பூங்காவில் இதையே கற்கும் தைரியத்தில் நானும் நின்றேன். பின்னால் அடி வைக்கும் அசைவு வந்தபோது தள்ளாடினேன்.

"இன்னாடி, காலேஜ் படிச்ச காலு இப்டி ஆடுது?" என்றாள் அம்மா. களமே சிரித்தது.

"இத நான் இவங்களுக்கு சொல்லியே குடுக்கல" என்றார் ஸ்டெல்லா அக்கா. "நாப்பது வருசம் சேத்துல பின்னாலயே போய் நட்டவங்க. முன்னால அடி வைக்கத்தான் பயந்தாங்க."

7.50க்கு வரப்புக்குப் போனோம். அறுபது மீட்டர் இருக்கும். நடுவில் தண்ணீர் பாய வெட்டிவிட்ட மடை. அம்மா விழுந்த இடம். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். மடை வந்ததும் நின்றாள். நான் ஓடினேன்.

"கிட்ட வராத."

முட்டி மடங்கியது. பின்காலில் எடையை நிறுத்தி, மறுகாலை எட்டி வைத்து, குதிகாலால் மண்ணைச் சோதித்து, அதன் பிறகே உடம்பைக் கொண்டுபோனாள். அவசரமே இல்லை. தாண்டிவிட்டாள்!

"இப்ப நீ வா."

செருப்பைக் கழற்றினேன். மடை வந்ததும் நானும் நின்றுவிட்டேன். அம்மா கை நீட்டினாள். உடைந்து சேர்ந்த அதே கை. பிடித்துக்கொண்டு தாண்டினேன்.

நான் டிகிரி வாங்கியபோது அம்மா பஸ்ஸில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனாளாம். இந்த ஞாயிறு காலிப் பெட்டியோடு திரும்பும் பஸ்ஸில், அம்மா மடை தாண்டியதைப் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: வகுப்பு ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கட்டணம் இல்லை. விழுந்து அடிபட்டவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, முதலில் ஒரு நாற்காலியைப் பிடித்தபடி பழகுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். காலிப் பெட்டி வேண்டாம். சும்மா சுமக்க வேண்டியிருக்கும்.