அக்கா எடுத்த டிக்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை அக்கா என்று பெயர். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் நொட்டை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். வாங்கும் சம்பளத்துக்கு ஒழுங்காக உழைத்தால் இந்த இடத்தில் இப்படித்தான் பட்டம் கட்டுவார்கள்.

ஊழியர் விவரப் பக்கத்தை எழுதியவன் என் பக்கத்து சீட்டுத் தம்பி. அதில் ‘வெளியூர் மாற்றலுக்குச் சம்மதம்’ என்று ஒரு கட்டம். வேலைக்கு வந்த புதிதில் அக்கா அதில் டிக் போட்டிருந்தாள். பிறகு அவள் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அவள் ஊட்டினால் மட்டுமே வாயைத் திறப்பார். அக்கா டிக்கை எடுத்துச் சேமித்தாள். பக்கத்தைத் திரும்பத் திறந்தால், டிக் குத்துக்கல் மாதிரி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

“என்னடா இது?” என்று தம்பியிடம் வந்தாள்.

“டிக் இருந்தாத்தான்க்கா அந்தக் கட்டம் சர்வருக்கே வரும். எடுத்துட்டா ஒண்ணுமே வராது. வரலன்னா பழசையே வெச்சுக்கோன்னு எழுதிட்டேன்.”

“அப்போ நான் வேண்டாம்னு சொல்றது உன் காதுலயே விழாதா? சரி பண்ணித் தொலையேன்!”

“வரலன்னா ‘இல்லை’ன்னு எடுத்துக்கணும். ரெண்டே வரிதான். மேனேஜர் சொல்லாம கைவைக்க முடியாதேக்கா.”

அவள் எழுதிக் கொடுத்த புகாரை மேனேஜர் ‘அவசரமில்லை’ என்று ஒதுக்கினார். “போட்ட டிக்கை எவன்மா எடுக்கப்போறான்?” என்று சிரிப்பு வேறு.

மாற்றல் உத்தரவு வந்தது. அக்கா அவரிடம் ஓடினாள்.

“சம்மதம்னு சிஸ்டத்துல இருக்கேம்மா, நான் என்ன பண்ண? இஷ்டமில்லன்னா வேலைய விட்டுடு.”

விட்டால் மருந்துக்கு யார் கொடுப்பது, இவரா? அப்பாவை அவ்வளவு தூரம் கொண்டுபோக டாக்டர் ஒப்பவில்லை. முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். “வேளாவேளைக்கு ஊட்டிடுவாங்களாம்” என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

அடுத்த மாற்றல் பட்டியலில் மேனேஜர் பெயர். மனிதர் டிக்கை எடுக்க எடுக்க அது திரும்ப வந்து உட்கார்ந்தது. “தம்பி, எல்லாத்தையும் போட்டுட்டு இதைப் பாருப்பா!” என்று அலறினார். டீ ஆறுவதற்குள் அந்த இரண்டு வரியும் ஏறிவிட்டன. வெட்கங்கெட்ட ஜென்மம், தம்பியின் தோளில் தட்டிப் பாராட்டியது.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அந்தக் கட்டம் சரியாயிடுச்சுக்கா. டிக்கை எடுத்துட்டுத் திரும்பி வந்துடு.”

“யாருக்காகடா வரணும்? அப்பா போன வாரமே போயிட்டார். கடைசிவரைக்கும் யாருக்கும் வாயத் திறக்கலையாம்” என்றாள். “அந்த டிக் அங்கேயே கெடக்கட்டும்.”