டாக்டர் பிஸி

பெங்காலிகள் நிறைந்த டாக்குரியா பகுதியில் என் மகள் பல் கிளினிக் திறந்தபோது, அரசு அதிகாரியாக ஓய்வு பெற்றிருந்த நான் வரவேற்பாளர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் நாள் மாலைவரை யாரும் வரவில்லை. பிறகு கன்னத்தைப் பிடித்தபடி ஒரு பெண்மணி வந்தார். டாக்டர் பிஸி, நாளைக்கு வாருங்கள் என்று பெங்காலியில் கம்பீரமாகச் சொல்லி அனுப்பினேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "யாருப்பா வந்தா?"

"பேஷன்ட்தான். நாளைக்கு வரச் சொல்லிட்டேன்."

"காலைலேர்ந்து ஈ ஓட்டிண்டிருக்கேன்! இது என்ன உங்க ஆபீஸா?"

வந்தவர்களை உடனே பார்த்தால் மதிப்பு போய்விடும் என்று நம்பியே அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். வலியோடு வந்தவரைத் துரத்தியது அப்போதுதான் உறைத்தது. "தீதி, தீதி" என்று அக்கா முறை சொல்லிக் கூவிக்கொண்டு தெருவில் ஓடினேன்.

எதிர்ச்சாரி கிளினிக்கில் அந்தப் பெண்மணிக்குக் கதவைத் திறந்துவிட்ட வரவேற்பாளப் பெண் என்னையும் சித்தப்பா முறை சொல்லிக் கனிவோடு அழைத்தாள்: "உள்ளே வாங்க காகு, டாக்டர் உடனே பார்ப்பார்."